பிள்ளைக்கு டீம் பிடிக்காமல் போனால்...



ஆசையோடு ஃபுட்பால் டீமில் சேர்ந்த பிள்ளை, சில மாதங்கள் கழித்து "இனிமே நான் போகமாட்டேன்" என்கிறான். பூட்ஸும் ஜெர்சியும் வாங்கிக் கொடுத்த அத்தாவுக்குக் கோபம் வருகிறது: "எதையும் முழுசாச் செய்ய மாட்டியா?" இன்னொரு வீட்டில், "நல்லதாப் போச்சு, படிக்கிற வேலையைப் பாரு" என்று அன்றே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வீட்டிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பிடிக்காமல் போனது விளையாட்டா, அந்த டீமா?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக இயங்கும்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டீமில் உள்ள ஒரு குறைக்காக விளையாட்டையே விட்டுவிட்டால், அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் செல்போனுக்குத்தான் போகும்.

எப்படிக் கேட்பது?

"ஏன் போகலை?" என்று எதிரே நிறுத்திக் கேட்டால் "சும்மாதான்" என்றுதான் பதில் வரும். வண்டியில் கூட்டிப் போகும்போதோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ பேச்சை ஆரம்பியுங்கள். "கிரவுண்டுல யாரோட சேர்ந்து நிப்பே?", "எப்ப வீட்டுக்கு வந்துடலாம்னு தோணுது?" என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே புத்தி சொல்ல வேண்டாம். பிறகு இரண்டு நாள் பிராக்டிஸுக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். பிள்ளை சொல்லாத பாதி அங்கே தெரிந்துவிடும்.

பொதுவாக என்ன காரணம்?

*வாய்ப்பு கிடைக்காதது.* ஃபுட்பாலில் 11 பேர், கபடியில் 7 பேர்தான் களத்தில் இறங்க முடியும். 20 பேர் உள்ள டீமில் மற்றவர்கள் வெளியே உட்காரத்தான் வேண்டும். மேட்ச் தோறும் உட்காரும் பிள்ளைக்கு, நான் எதற்கு என்று தோன்றுவது இயல்பு.

*உடல் வலி.* ஏறக்குறைய 10 முதல் 15 வயதுக்குள் எலும்பு வேகமாக வளரும் காலத்தில், ஓடுவதும் குதிப்பதும் அதிகமானால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி வருவதுண்டு. "பயந்தாங்கொள்ளி" என்பார்கள் என்று சில பிள்ளைகள் இதை மறைக்கிறார்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஓய்வும் குறைவான பயிற்சியுமே போதும்.

*தொழுகை, நோன்பு, உடை.* பிராக்டிஸ் மஃரிப் நேரத்தைத் தாண்டிப் போனால் பிள்ளை இரண்டு பக்கமும் இழுபடும். நோன்பு வைத்துக்கொண்டு மாலையில் ஓடவும் முடியாது. ரமலானுக்கு முன்பே கோச்சிடம் பேசி நேரத்தையும் பயிற்சியின் அளவையும் மாற்றக் கேட்கலாம். பெண்பிள்ளையிடம் தலைத்துணியைக் கழற்றச் சொன்னால், ஃபுட்பாலில் 2014 முதலும் பாஸ்கெட்பாலில் 2017 முதலும் சர்வதேச விதிகளே தலையை மூடி விளையாட அனுமதிக்கின்றன என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

*நாம்.* கோட்டுக்கு வெளியே நின்று சத்தம் போடுவது, தோற்று வரும் வழியெல்லாம் தப்புகளை எண்ணிச் சொல்வது, மச்சான் மகனோடு ஒப்பிடுவது. பல பிள்ளைகளுக்கு மேட்சை விட, மேட்ச் முடிந்து வீட்டுக்கு வரும் வழிதான் பயம்.

கோச்சிடம் பேசும்போது

தோற்ற சூட்டில், மற்றவர்கள் முன்னால் பேச வேண்டாம். தனியாக நேரம் கேட்டுப் போங்கள். "என் பையனை ஏன் இறக்கலை?" என்பதைவிட, "அவன் எதில் முன்னேறணும் சார்?" என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும். பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டியிருந்தால் அவனையே பேசச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

விடுவதா, தொடர்வதா?

டோர்னமென்ட் நடுவில் விலகினால் கூட விளையாடுகிறவர்கள் திண்டாடுவார்கள். எனவே, "இந்த டோர்னமென்ட் முடியட்டும், அன்னைக்கு நீயே முடிவு சொல்லு" என்று ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றும் வேண்டாம் என்றால் மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சொன்ன சொல்லை நாம் காப்பாற்றினால்தான் அடுத்த முறை அவன் நம்மிடம் மனம் திறப்பான். வேறு டீம், வேறு விளையாட்டு, தினமும் சைக்கிள், நீச்சல் எது என்பதையும் அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாதவை

அடி, சாதி மதத்தைச் சொல்லிக் கேலி, காயத்தோடு விளையாடக் கட்டாயப்படுத்துவது, தகாத முறையில் தொடுவது, தனியாக அழைப்பது, இரவில் மெசேஜ் அனுப்புவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அனுப்புவதை நிறுத்துங்கள். பள்ளி நிர்வாகத்திடமோ கிளப் பொறுப்பாளரிடமோ எழுதிக் கொடுங்கள். பாலியல் தொல்லை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். 1098 என்ற இலவச எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று மூடி மறைத்தால், அடுத்து மாட்டுவது நம் தெருவிலுள்ள இன்னொரு பிள்ளைதான்.

உங்கள் பிள்ளை சமீபத்தில் பிராக்டிஸுக்கு நாள் தள்ளுகிறானா, வயிற்றுவலி என்கிறானா? இந்த வாரமே ஒரு நாள் கிரவுண்டு வரை கூடப் போய்விட்டு வாருங்கள்.