எந்த எலி உங்கள் வீட்டுக்கு ஏற்றது?



உங்கள் தம்பியோ தங்கையோ வளர்ப்புப் பிராணி வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்களா? நாய் வளர்க்க இடமில்லை. பூனை வளர்த்தால் மீன் கூடைக்கு ஆபத்து. கடைசியில் பேச்சு, சிறு கூண்டில் அடங்கும் கொறிக்கும் பிராணிகளில் வந்து நிற்கும். கடைகளில் கிடைப்பவற்றுள் முக்கியமானவை நான்கு: வெள்ளைச் சுண்டெலி, வெள்ளை எலி, ஹாம்ஸ்டர், கினியா பன்றி. (பெயரில்தான் பன்றி, அதுவும் எலியைப் போலக் கொறிக்கும் இனமே.)

இவற்றுள் எதை வாங்குவது? எது அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எது உங்கள் ஊர் வெயிலைத் தாங்கும் என்று பாருங்கள். இதற்கு விடை சொல்லப் பௌதிகம் நமக்குத் துணை வரும்.

பழவேற்காடு ஏரிப் பகுதியின் மீனவர் ஊர்களுள் ஒன்றான காட்டுப்பள்ளியையே எடுத்துக்கொள்வோம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். மே மாதத்தில் கடற்காற்று வீசத் தொடங்கும் வரை, வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாட்கள் உண்டு. காற்றில் ஈரப்பதமும் அதிகம். கல்நார்க் கூரை வீட்டுக்குள் நண்பகலில் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பு என்னும் அடுப்பு

இந்த நான்கும் வெப்ப இரத்தப் பிராணிகள். உண்ட உணவு உடலில் எரிந்து வெப்பமாகிறது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி தோல் வழியாக வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

ஒரு சிறு கணக்கு. சுண்டெலியின் எடை சுமார் 25 கிராம். கினியா பன்றியின் எடை சுமார் 1,000 கிராம். அதாவது 40 மடங்கு. இரண்டும் ஒரே வடிவம் என்று வைத்துக்கொண்டால், நீளம் 40-இன் கனமூலமான 3.4 மடங்கு இருக்கும். தோலின் பரப்பு அதன் வர்க்கம். அதாவது சுமார் 12 மடங்கு.

உண்டாகும் வெப்பம் எத்தனை மடங்கு? பிராணிகள் செலவிடும் ஆற்றல், எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி வளர்கிறது என்று 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி காட்டினார். 40-இன் முக்கால் அடுக்கு ஏறத்தாழ 16. சுண்டெலி நாளொன்றுக்கு சுமார் 4 கிராம் உலர்ந்த தீனி தின்கிறது. கினியா பன்றி சுமார் 60 கிராம். கணக்கு சரியாகவே இருக்கிறது!

ஆக, வெப்பம் 16 மடங்கு. அதை வெளியேற்றும் பரப்போ 12 மடங்குதான். கினியா பன்றியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலும், சுண்டெலியின் தோலைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதோடு அடர்ந்த ரோமம் வேறு. அதன் பூர்வீகமோ தென் அமெரிக்காவின் குளிர்ந்த ஆண்டிஸ் மலைநாடு. 30 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும்.

வால் எதற்கு?

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. எலிகளுக்கு அப்படி வியர்ப்பதில்லை. ஆனால் எலிக்கு வேறொரு வசதி இருக்கிறது. அதுதான் வால். வாலில் ரோமம் மிகக் குறைவு. மெலிந்து நீண்டிருப்பதால், பருமனுக்குப் பரப்பு மிக அதிகம். வெயில் நேரத்தில் வாலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, சூடான இரத்தம் அங்கே பாய்கிறது. வெப்பம் காற்றில் கலக்கிறது. மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் செய்யும் வேலையும் இதுவே. கினியா பன்றிக்கு வெளியே தெரியும் வாலே இல்லை.

ஹாம்ஸ்டரின் வாலும் வெறும் குட்டை முளைதான். உலகெங்கும் வளர்க்கப்படும் தங்கநிற ஹாம்ஸ்டர்கள் ஏறத்தாழ அனைத்தும், 1930-இல் சிரியா நாட்டின் அலெப்போ அருகே இஸ்ரேல் அகரோனி என்ற விலங்கியலார் பிடித்துவரச் செய்த ஒரு தாய், குட்டிகளின் வழிவந்தவை. அங்கே அது பகலெல்லாம் ஆழமான, குளிர்ந்த வளைக்குள் உறங்கும். நம் வீட்டுக் கூண்டில் வளை ஏது? அது இரவில்தான் விழித்திருக்கும். தனியே வாழ்வதையே விரும்பும். குழந்தை விளையாட வரும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும்.

சுண்டெலிக்கு வால் உண்டு. ஆனால் அது கையிலிருந்து நழுவி ஓடிவிடும்; சிறு குழந்தை இறுக்கிப் பிடித்தால் நசுங்கியும் போகும்.

எனவே கடற்கரை ஊருக்கு ஓரளவு பொருந்துவது வெள்ளை எலி. மனிதரிடம் எளிதில் பழகும். துணையின்றி ஏங்கும் பிராணியாதலால் இரண்டாக வாங்குங்கள். ஆனால் இரண்டும் ஆணாகவோ, இரண்டும் பெண்ணாகவோ இருக்கட்டும். இல்லையென்றால் மூன்றே வாரங்களில் கூண்டில் பத்துக் குட்டிகள்!

வாங்குவதற்கு முன்

காற்று உடலைவிடச் சூடானால் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே பாயும்; அப்போது வாலும் உதவாது. கண்ணாடித் தொட்டி வேண்டாம். கம்பிக் கூண்டே நல்லது. கூரைக்கு அருகில் வைக்காமல், நிழலில், கடற்காற்று வரும் வழியில் வையுங்கள். உள்ளே ஒரு மண்பானையைச் சாய்த்து வைத்தால் அதுவே வளை. கொறிக்கும் பிராணிகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. தேய்த்துக்கொள்ளக் கொட்டாங்கச்சித் துண்டு ஒன்று போடுங்கள். கூண்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வயல் எலியையும் வீட்டு எலியையும் பிடித்து வளர்க்காதீர்கள். அவற்றின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும். சிதறிய தீனி அவற்றை வரவழைக்கும் என்பதால், அன்றன்றே கூட்டிவிடுங்கள். அணில் குட்டியும் மரத்துக்கு உரியதே.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்த கரை இது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தது. இத்தகைய நாளில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, கூண்டை யார் தூக்குவது? கைப்பிடியுள்ள சிறு கூண்டு ஒன்றும், அதைத் தூக்க ஒருவரும் முன்னரே முடிவாக வேண்டும்.

வெள்ளை எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள். ஆறாம் வகுப்பில் வாங்கினால், எட்டாம் வகுப்பு முடியும்போது பெரும்பாலும் அது இருக்காது. அதையும் குழந்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மே மாதத்துக்கான நிழல் உங்கள் வீட்டில் இல்லையென்றால், வாங்காமல் இருப்பதே அந்தப் பிராணிக்குச் செய்யும் நன்மை.

செய்து பாருங்கள்

ஒரே வடிவமுள்ள சிறிய டப்பா ஒன்று, பெரிய டப்பாக்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரின் உதவியுடன் மூன்றிலும் ஒரே சூடுள்ள வெந்நீரை நிரப்புங்கள். பெரிய டப்பாக்களில் ஒன்றைக் கம்பளித் துணியால் சுற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து வரைபடம் வரையுங்கள். எது முதலில் ஆறுகிறது? எது கடைசியில்? உங்கள் டப்பாக்களுள் சுண்டெலி எது, கினியா பன்றி எது என்று இப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.