வால்வு எப்போது மோசமாகும்? முன்கூட்டியே கணிக்கும் செயற்கை நுண்ணறிவு

மதகு எப்படி வேலை செய்யும் என்று காவிரி டெல்டாவில் பாபநாசம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷட்டர் முழுதாகத் திறக்காவிட்டால் கடைமடை காயும். சரியாக மூடாவிட்டால் தண்ணீர் கசியும். இதய வால்வுகளுக்கு வரும் கோளாறுகளும் இவைதான்: சுருக்கம், கசிவு.

ஏன் கணிப்பது கடினம்?

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. அதன் திறப்பு இயல்பாக 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும். வயதாக ஆகச் சுண்ணாம்புச் சத்து படிந்து 1 சதுர செ.மீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான சுருக்கம். சுருக்கம் தொடங்கிவிட்டால் திறப்பு ஆண்டுக்குச் சராசரியாக 0.1 சதுர செ.மீ. குறையும். ஆனால் சிலருக்கு வால்வு பல ஆண்டுகள் தாங்கும்; சிலருக்குச் சட்டென்று மோசமாகும். யாருக்கு எந்த வேகம் என்பதே கேள்வி.

கணினி என்ன பார்க்கிறது?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு வழியைக் காட்டினார்கள். எக்கோ என்னும் இதய ஸ்கேன் வீடியோவில் வால்வின் அசைவைப் பார்த்து, செயற்கை நுண்ணறிவு ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் கூடுதலாக இருந்தவர்களுக்குச் சுருக்கம் வேகமாக முற்றியது. வால்வு மாற்றும் தேவையும் அதிகமாக இருந்தது. வால்வில் பின்னாளில் கசிவு வருமா என்பதைச் சாதாரண ஈசிஜியிலிருந்தே கணிக்கும் முயற்சியை லண்டன் இம்பீரியல் கல்லூரியும் ஷாங்காய் மருத்துவர்களும் 2025-ல் வெளியிட்டார்கள்.

நமக்கு என்ன பயன்?

லேசான சுருக்கம் என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறையும், நடுத்தரம் என்றால் 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறையும் எக்கோ எடுப்பது வழக்கம். எக்கோவுக்காகத் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். 'நீங்கள் ஆறே மாதத்தில் வாருங்கள்' என்று சரியான ஆளிடம் சொல்ல முடிந்தால், அது உயிரைக் காக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. யேல் ஆய்வு பார்த்தது பெருந்தமனி வால்வின் சுருக்கத்தை. நம் நாட்டில் பலருக்குக் கெடுவது இதயத்தின் இன்னொரு வால்வான மைட்ரல். சிறு வயதில் வந்த தொண்டைப் புண்ணும் அதைத் தொடர்ந்த ருமாட்டிக் காய்ச்சலும் விட்டுச்சென்ற தழும்பு அது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தவறாமல் போட்டாலே வால்வு மேலும் கெடுவதைத் தடுக்கலாம். அந்த வேலையை எந்தக் கணினியும் செய்யாது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் உருவான செயற்கை வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை வாங்க முடியாத ஏழைகளுக்காக நாமே செய்துகொண்டது அது. கணிக்கும் கருவிக்கும் அதே அக்கறை வேண்டும். டெல்டாவின் எக்கோ படங்களையும் பார்த்துப் பழகிய கருவிதான், நாற்றங்காலில் மூச்சு வாங்கி நிற்கும் பெண்ணின் வால்வைச் சரியாகக் கணிக்கும்.