ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்: கோட்டைக்குள் தண்ணீர்

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட கணினி விளையாட்டு. மலையைக் குடைந்து கோட்டை கட்டும் சித்திரக்குள்ளர்களை இதில் ஆடுபவர் வழிநடத்துகிறார். குள்ளர்களின் அன்றாடப் பானம் மது. ஆனால் காயம்பட்டுப் படுத்தவருக்குத் தண்ணீர்தான் கொடுப்பார்கள். புண்ணைக் கழுவவும் அதுவே வேண்டும். குளிர்நாட்டில் ஆறு உறைந்தால், சண்டையில் தப்பியவரும் தாகத்தால் சாக நேரும். ஆகவே உறையாத நிலத்தடித் தொட்டியும் அதன் மேல் ஒரு கிணறும் தேவை. கிணற்றுக்குச் செதுக்கிய கல், வாளி, கயிறு அல்லது சங்கிலி, ஒரு பொறி ஆகியவை போதும்.

இந்த உலகம் கட்டங்களாகவும் தளங்களாகவும் பிரிக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் நீரின் ஆழம் 1 முதல் 7 வரை. 7 என்றால் கூரை முட்டிவிட்டது. ஆழம் 1 ஆக மெல்லியதாகப் பரவிய நீர் ஆவியாகிவிடும்.

தொட்டியையும் கால்வாயையும் முதலில் வெட்டி, ஆற்றங்கரையில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். கால்வாயின் நடுவில் மதகு வைத்து, பொறிகளால் அதை ஒரு நெம்புகோலோடு இணைப்பார்கள். நெம்புகோல் நனையாத அறையில் இருக்க வேண்டும். இழுத்தவுடன் மதகு அசையாது, சற்றுத் தாமதமாகும். அந்த இடைவெளியிலேயே பல கோட்டைகள் மூழ்கியிருக்கின்றன. கடைசிக் கட்டத்தை மேல் தளத்தில் நின்று வெட்டினால், வெட்டுபவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட மாட்டார்.

உண்மையான ஆபத்து அழுத்தம். ஆற்றிலிருந்து கீழே இறங்கிய நீர், வழி கிடைத்தால் ஏறத்தாழ ஆற்று மட்டம் வரை மறுபடி ஏறும். கிணற்றறை அதற்குக் கீழே இருந்தால், கிணற்று வாய் வழியாகவே பொங்கிக் கோட்டையை நிரப்பிவிடும். இதற்கான தீர்வு விசித்திரமானது. அழுத்தம் நேர்த்திசைகளில் மட்டுமே கடத்தப்படுகிறது, மூலைவாட்டில் கடத்தப்படுவதில்லை. எனவே கால்வாயில் ஓரிடத்தில் இரு கட்டங்கள் மூலையோடு மூலை மட்டும் தொடுமாறு வெட்டினால், நீர் அதன் வழியே பரவும். ஆனால் அந்தத் தளத்துக்கு மேல் ஏறாது. இயற்பியலில் இதற்கு இடமில்லை. விளையாட்டின் கணக்கில் இது உறுதியான விதி.

ஆறு தாழ்வாக இருந்தால் திருகு பம்பு வேண்டும். அது கீழ்த்தளத்து நீரை எடுத்து, தான் நிற்கும் தளத்தில் கொட்டும். ஒரு குள்ளர் கையால் இயக்கலாம். இல்லையேல் 10 அலகு ஆற்றல் தர வேண்டும். கடலோரத்தில் உப்பு நீரைக்கூட இது நன்னீராக்கும். ஆனால் தொட்டியின் தரையும் சுவரும் கட்டப்பட்டவையாக இருக்க வேண்டும். குடைந்த இயற்கைப் பாறையில் தேக்கினால் நீர் மறுபடி உப்பாகிவிடும்.

நீர்ச்சக்கரம் ஒன்று 100 அலகு ஆற்றல் தந்து, தனக்கென்று 10 அலகு மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதனால் பம்பு ஏற்றும் நீரே சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் பம்பை இயக்க, மிச்ச ஆற்றலும் கிடைக்கும் ஒரு நிரந்தர இயந்திரம் இங்கே சாத்தியமாகிறது. ஆட்டக்காரர்கள் கூச்சமின்றி அதைப் பயன்படுத்துகிறார்கள்.