மரக்கறி வறை: சத்துக் கெடாது சமைக்கும் முறை



நெல்லையும் மரக்கறியையும் விளைவித்து நாட்டுக்கு உணவளிப்பவர்கள் நீங்கள். ஆயினும், அவ்விளைவில் எவ்வளவு உங்கள் பிள்ளைகளின் உணவிற் சேர்கின்றது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? மரக்கறிச் செய்கை மிகுந்த ஊரொன்றுக்கு நாம் தோட்டம் பார்வையிடச் சென்றிருந்த காலை, கோவாவும் கரட்டும் பீற்றூட்டும் விடியுமுன்னரே மூடைகளாகச் சந்தைக்குப் புறப்பட்டன. நண்பகலில் அவ்வீட்டுப் பிள்ளைகள் உண்டதோ சோறும் சம்பலுமே. வெட்டிக் கழித்த பீற்றூட் இலைகள் வரம்பிலே குவிந்து வாடிக் கிடந்தன. இந்நிலை மாறுதல் வேண்டும்.

வறை ஏன் வேண்டும்?

சோறு வேலை செய்வதற்கு வலுவைத் தரும். ஆனால், கண்பார்வைக்கு வேண்டிய விற்றமின் ஏ சோற்றில் இல்லை. கரும்பச்சை இலைகளிலும் கரட்டிலும் உள்ள கரற்றீன் என்னும் பொருளை உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்கு மரக்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ணவேண்டுமென உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. கிழங்கு வகைகள் இக்கணக்கிற் சேரா.

மரக்கறியை நிறைய நீரில் அவித்து, அந்நீரை வடித்து ஊற்றுவோமாயின் விற்றமின் சீ போன்ற நீரிற் கரையும் சத்துக்கள் நீரோடு போய்விடும். வறைக்கு நீர் வேண்டுவதில்லை. அடுப்பில் வைத்திருக்கும் நேரமும் குறைவு. கரற்றீன் உடலிற் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். அதனை எண்ணெயும் தேங்காய்ப்பூவும் தருகின்றன. ஆதலின் நம் முன்னோர் கையாண்ட இம்முறை ருசிக்கு மட்டுமன்றி உடல் நலத்துக்கும் ஏற்றதாகும்.

ஐவருக்கு வேண்டியவை

கோவா 250 கிராம், கரட் 150 கிராம், பீற்றூட்டின் இளம் இலை இரண்டு கைப்பிடி, அவித்த பாசிப்பயறு ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் 8, பச்சைமிளகாய் 3, தேங்காய்ப்பூ 4 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி, கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, பாதித் தேசிக்காய். பீற்றூட் இலைக்குப் பதிலாக முருங்கையிலை, பொன்னாங்காணி, முள்ளங்கியின் இளம் இலை ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்க்கலாம். நெல் அறுத்த வயலிற் பயறு விதைப்போர்க்குப் பயறு வீட்டிலேயே உண்டு. அது பிள்ளைகளுக்கு வேண்டிய புரதத்தைத் தரும்.

செய்யும் முறை

1. மரக்கறியை முழுதாகவே இரண்டு மூன்று முறை கழுவுக. நறுக்கியபின் கழுவுதலும், நீரில் ஊறவிடுதலும் தவறு. சமைக்கும் வேளையிலேயே நறுக்குக.

2. தாச்சியை நன்கு காயவைத்து எண்ணெய் ஊற்றிக் கடுகு வெடித்ததும் வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை இட்டு வதக்குக.

3. கரட்டை முதலிற் போட்டு இரண்டு நிமிடம் கிளறுக. அது இறுகியதாதலின் வேகச் சற்று நேரமெடுக்கும். பின்னர் கோவாவும், கடைசியாக இலையும் இடுக. மஞ்சளும் உப்பும் சேர்த்து, எரியுந்தீயில் மூன்று நான்கு நிமிடம் விடாது கிளறுக. நீர் ஊற்றவேண்டாம்.

4. பயற்றையும் தேங்காய்ப்பூவையும் சேர்த்து ஒரு நிமிடம் பிரட்டி இறக்குக. இலையின் பச்சை நிறம் மாறாதிருத்தல் நல்ல பதமாகும்.

5. இறக்கிய பின்னரே தேசிப்புளி விடுக. அடுப்பில் இருக்கும்போது விட்டால் இலையின் நிறம் மங்கும். புளியிலுள்ள விற்றமின் சீயும் சூட்டிற் குறையும். கீரையிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உடலிற் சேர்வதன்று; அது சேர்வதற்கு இவ்விற்றமின் துணைசெய்யும். உணவோடு தேநீர் அருந்துதல் அதனைத் தடுக்குமாதலின், ஒரு மணி நேரம் கழித்து அருந்துக.

ஓர் எச்சரிக்கை

பூச்சிநாசினி தெளித்த பயிரின் இலையையோ காயையோ, மருந்துப் போத்தலின் சீட்டிற் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்தலாகாது. சில மருந்துகள் பயிரின் உள்ளேயே ஊடுருவி நிற்கும். அவற்றை எத்துணை கழுவினும் நீக்க முடியாது. வீட்டுக்கென ஒன்றும் சந்தைக்கென ஒன்றுமாக இருவகை ஒழுங்கு வைத்துக்கொள்ளுதல் கமக்காரருக்கு அழகன்று. வாங்குவோரும் பிள்ளை பெற்றவர்களே.

கிணற்றடியில், நீர் வழிந்தோடும் இடத்திலே, இரண்டு பாத்தி கீரையும் வேலியோரத்தில் ஒரு முருங்கையும் வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு மூடை கட்டுமுன் ஒரு வேளை வறைக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிடுங்கள். அதனாற் குறையும் பணம் சொற்பம். உங்கள் பிள்ளைகள் பெறும் நலமோ பெரிது.