உங்களுக்குத் தெரியுமா? போய்ப் பந்தின் முதற்பாடம்

நியூசிலாந்தின் ஆதிகுடிகளாகிய மாவோரி மக்கள், சம்பங்கோரையின் உலர்ந்த இலைகளாற் செய்த பந்துகளைக் கயிற்றிற் கட்டி, பாட்டின் தாளத்திற்கேற்பச் சுழற்றியும் உடலில் தட்டியும் ஆடிவருகிற ‘போய்’ என்னும் கலை, இன்று பற்பல தேசங்களில் தீப்பந்த வேடிக்கையாகவும் பரவியிருப்பினும், 1881-இல் அரசாங்கப் படை புகுந்த பரிஹாக்கா கிராமத்தார் தம் சரித்திரத்தையும் பக்தியையும் அதன் வாயிலாகவே ஓதிவந்தனர் என்பதை அறிந்தோர் சிலரே.

ஆரம்ப அப்பியாசத்திற்கு நெருப்பு வேண்டாம். நீண்ட காலுறை இரண்டின் நுனியில் ஒவ்வொரு பிடி அரிசியை இட்டு முடிந்தால் போதும். நீளம், நீட்டிய கையிலிருந்து அக்குள்வரை இருப்பது உத்தமம். முதலில் ஒரு கையால், உடலின் பக்கத்தே சுவரொன்று நிற்பதாகப் பாவித்து, அதை ஒட்டி வட்டம் கோணாதவாறு, மணிக்கட்டின் அசைவாலேயே முன்னோக்கிச் சுழற்றுக. பின்பு இரு கைகளும் ஒருசேர. அதன்பின், ஒரு பந்து மேலேறுகையில் மற்றது கீழிறங்குமாறு.

இதில் விசேஷமானது திரும்புதல். முன்னோக்கிச் சுழலும் பந்துகளை நிறுத்தாமலும் அவற்றின் திசையை மாற்றாமலும் ஆடுபவர் மட்டும் அரைவட்டம் திரும்பிவிட்டால், அச்சுழற்சியே அவருக்குப் பின்னோக்கிய சுழற்சியாகிவிடுகிறது! புதியவர்கள் கையை அவசரமாக முறுக்கித் தலையில் அடிவாங்குவதெல்லாம் இதை உணராமையாலேதான். பந்துகள் இருபக்கமும் மாறிமாறிச் செல்லும் பின்னலையோ, ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே எட்டு வடிவம் பழகிய பின்னரே தொடங்குவது நலம்.