கோபுரம் ஒன்று, நிறுவனம் பல

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை, 1917ஆம் ஆண்டு, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் பயிரிடப்பட்டது. அதன்பின் கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை செம்பனை பரவியது. இன்று இத்தோட்டங்களில் மரங்கள் மிகுதி, குடியிருப்போர் குறைவு. இத்தகைய நிலத்தில் கைப்பேசி அலையை எவ்வாறு சிக்கனமாக வழங்குவது என்பதே இவ்வுரையில் நாம் ஆராயும் பொருள்.

கைப்பேசிக் கோபுரம் நாம் பேசும்போது மட்டும் மின்சாரம் கொள்வதில்லை. சுற்றியுள்ள கைப்பேசிகள் தன்னைக் கண்டறியும் பொருட்டு அது இடைவிடாது அலை பரப்புகிறது. அலைபெருக்கிகளும் குளிரூட்டும் சாதனங்களும் நள்ளிரவிலும் இயங்குகின்றன. ஆகவே, பயன்பாடு பாதியாகக் குறைந்தாலும் மின்செலவு பாதியாகக் குறைவதில்லை. ஒரு சிறு லயத்திற்கு மூன்று நிறுவனங்கள் தனித்தனியே கருவிகளை நிறுவினால், ஒரே தெருவுக்கு மூன்று வரிசை விளக்குகள் ஏற்றியதற்கு அது ஒப்பாகும்.

இதனைத் தவிர்க்கும் வழிகளை மூன்று படிகளாக வகுக்கலாம். முதற்படி, கோபுரத்தை மட்டும் பகிர்வது. இதனால் இரும்பும் நிலமும் மிச்சமாகும். ஆனால் கருவிகள் தனித்தனியே இருப்பதால் மின்சாரம் பெரிதும் குறையாது. இரண்டாம் படி, அலைபரப்பும் கருவிகளையே பகிர்வது. ஒரே கருவி பல நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குப் பணிபுரியும். அவரவர் திரையில் அவரவர் நிறுவனத்தின் பெயரே தோன்றும். மூன்றாம் படி, பயன்பாடு குறைந்த இரவு வேளையில் ஒரு நிறுவனம் தன் கருவிகளை உறங்கவிட்டு, தன் வாடிக்கையாளர்களை மற்றொன்றிடம் ஒப்படைப்பது.

நம் நாட்டிற்கு இவ்வொத்துழைப்பு புதிதன்று. 2011இல் மேக்சிஸும் யு மொபைலும் 3ஜி அலைபரப்புக் கட்டமைப்பைப் பகிர உடன்பட்டன. 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவை, டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் அமைத்த ஒரே கட்டமைப்பின்வழி பல நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் 3ஜி சேவை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டதால், பழைய கருவிகளை இயக்கும் தேவையும் நீங்கியது.

எனினும், ஓர் ஐயம் எழுகிறது. அவசர எண்ணான 999க்கு விடுக்கும் அழைப்பை, அருகிலுள்ள எந்த நிறுவனத்தின் கோபுரமும் ஏற்கக்கூடும். கோபுரம் ஒன்றே நிற்குமிடத்தில், அது பழுதுற்றால் அந்தத் துணையும் இல்லாமற் போகும். எனவே பகிர்ந்த கோபுரத்திற்கு வலுவான மாற்று மின்கலமும் விரைவான பழுதுபார்ப்பும் இன்றியமையாதவை. அவையின்றிச் செய்யும் சிக்கனத்தின் விலையைத் தோட்டத்து நோயாளியே செலுத்த நேரிடும்.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் எரிவாயுவாலும் கிடைக்கிறது. கோலசிலாங்கூருக்குத் தெற்கே காப்பாரில் நிலக்கரி எரியும் மின்நிலையத்தை நாம் அறிவோம். நிறுவனங்கள் கட்டணத்திலும் சேவைத் தரத்திலும் போட்டியிடட்டும். ஆளில்லா இரவில் விழித்திருக்கும் பணியைப் பகிர்ந்துகொள்ளட்டும். மாணவர்கள் தம் பள்ளிக்கு அருகிலுள்ள கோபுரத்தை எத்தனை நிறுவனங்கள் பகிர்கின்றன என விசாரித்து அறிவது, இப்பாடத்தின் நல்ல தொடக்கமாகும்.