உங்களுக்குத் தெரியுமா? லாரிக்கு ஊத்தற ஆயில் காருக்கு ஆகுமா?

வண்டி மை பார்த்த தலைமுறை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வைக்கோல் எரித்த கரியைக் கொட்டமுத்து எண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சில் தடவுவார்கள். அந்தக் கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு, எஞ்சினுக்கும் சொந்தக்காரன்தான். முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் சுழல் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஆயில். பெட்ரோலில் அது லேசில் கரையாது. அதன் புகையை மூக்கால் இழுத்த விமானிகளுக்கு வயிறு கலக்கும் என்றும் சொல்வார்கள்! லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி 1909-இல் தன் ஆயிலுக்கு 'காஸ்ட்ரால்' என்று பேர் வைத்தது, அதில் கலந்த 'காஸ்டர்' எண்ணெயை வைத்துத்தான். இன்று யாரும் காருக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவதில்லை, சூட்டில் பிசின் கட்டிவிடும். ஆனால் சக்கர பேரிங்குக்கு வைக்கிற லித்தியம் கிரீஸ் செய்ய, ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் அமிலம் இன்றும் வேண்டும். ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் சேர்த்து வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் இருக்கிறது.

*

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. ராசிபுரம் பக்கம் செக்கு வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பெருமைப்படலாம். இன்றைய காரின் டேங்கில் மட்டும் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

*

ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-40 என்று இருக்கிறதே, அந்த டபிள்யூ எடையைக் குறிப்பதல்ல. 'விண்டர்', அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறியதானால் குளிரிலும் சீக்கிரம் ஓடும். 15 என்று போட்ட ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் வைத்து எஞ்சின் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள். 5 என்று போட்டதை மைனஸ் 30-இல். ஏற்காட்டு மார்கழிக்கு இதெல்லாம் ரொம்ப அதிகம். காஷ்மீருக்கு லோடு ஏற்றிப் போகும் நாமக்கல் டிரைவருக்குத்தான் இது நிஜக் கவலை. ஆனாலும் நமக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, இளக்கமான ஆயில் மேலே ஏறிப் பாகங்களை முதலில் நனைக்கிறது. ஆயில் ஏறுவதற்குள் பாகங்கள் வறட்சியாக உரசினால் எஞ்சின் தேயும்.

*

பின்னால் வரும் 30, 40 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. 30 என்றால் கம்மங்கூழ், 40 என்றால் கொஞ்சம் கெட்டியான கூழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நம்மூர் வெயிலுக்குக் கனமான ஆயில்தான் தாங்கும்" என்று சேலத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். வெளியே 41 டிகிரி அடித்தாலும், ஊட்டியில் 15 டிகிரி இருந்தாலும், ஓடும் எஞ்சினின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும். எஞ்சினின் இடுக்குகள் எந்த ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்டனவோ அதுதான் கணக்கு. அந்த எண்ணும், வெயில் குளிருக்கேற்ற அட்டவணையும் காரோடு கொடுத்த கையேட்டிலேயே இருக்கின்றன. டேஷ்போர்டு அறையில் ஆர்.சி. புக்கோடு கிடக்கும், பெரும்பாலானோர் திறந்திருக்க மாட்டோம்.

*

டப்பாவின் பின்பக்கம் ஏ.பி.ஐ. என்று போட்டு இரண்டு எழுத்துகள் இருக்கும். எஸ்-இல் தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சி-யில் தொடங்கினால் டீசலுக்கு. இரண்டாவது எழுத்து அகர வரிசையில் தள்ளிப் போகப் போகப் புதியது: சி.எச். 1998, சி.ஐ. 2002, சி.கே. 2016. கூடவே வரும் 4, நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது என்பதைக் காட்டுகிறது. விலையையும் டப்பாவில் இருக்கும் கிரிக்கெட் வீரரையும் பார்ப்பதற்கு முன் இந்த எழுத்தைப் பாருங்கள்.

*

இனி வருவதுதான் முக்கியம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் பக்கம் டீசல் அறிவு என்றால் அது லாரி அறிவு. சங்ககிரி லாரி ஊர், திருச்செங்கோடு ரிக் வண்டி ஊர், தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரிச் சங்கத்துக்கோ நாமக்கல்தான் தலைமையிடம். ஆகவே காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பட்டறையில் இப்படிக் கேட்பது வழக்கம்: "ஏங்ணா, பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடுன லாரிக்கே இந்த பேரல் ஆயில்தான் ஊத்தறோம். உங்க காருக்கு என்ன கேடு வந்துரப் போவுது?"

பழைய டீசல் காருக்கு அந்த அண்ணன் சொல்வதில் நியாயம் இருந்தது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு அந்த நியாயம் செல்லாது. அன்றுதான் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன்பின் விற்ற டீசல் கார்களில் பெரும்பாலும் சைலன்ஸர் வழியில் டி.பி.எஃப். என்றொரு வடிகட்டி உண்டு. வடிகட்டி என்றால் டீக்கடை வடிகட்டி அல்ல. தேன்கூடு போலப் பொடிப்பொடிக் கண்கள் கொண்ட பீங்கான். புகைக்கரி அதில் சேரும். சேர்ந்ததை எஞ்சினே அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும்.

கரி எரியும். சாம்பல் எரியாதே! எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் எப்போதும் எரிந்து போகிறது. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் எல்லாம் சாம்பலாகி அந்தக் கண்களில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எழுந்திருக்காது. பழைய லாரிக்கான சி.ஐ.-4 ஆயிலில் இந்தச் சாம்பல் ஒன்றரை சதவீதம் வரை போகலாம். சி.கே.-4-இல் உச்சவரம்பு 1 சதவீதம். ஐரோப்பியக் கணக்கான ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று போட்ட கார் ஆயிலில் 0.8 சதவீதம். ஒன்றரைக்கும் புள்ளி எட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். வடிகட்டியை மாற்றும் பில் வரும்போது தெரியும். ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் அதில் ஓர் ஓரத்துக்குக் காணாது.

*

டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிட்டால் பதற வேண்டாம். கரியைப் பிடித்துத் தன்னுள் மிதக்க வைப்பது ஆயிலின் வேலை. புதிது போலத் தெளிவாகவே இருந்தால்தான் கரி எங்கே படிகிறது என்று கவலைப்பட வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்து "செத்துப் போச்சு" என்று தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள். கிலோமீட்டரும் மாதமும்தான் கணக்கு, இரண்டில் எது முந்துகிறதோ அது.

*

ஆயில் குறைந்தால் எல்லோருக்கும் தெரியும். கூடினால்? சேலத்தில் ஐந்து ரோட்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவிலேயே ஓடும் பி.எஸ்.6 காரில் அது நடக்கலாம். வடிகட்டியில் கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். வேலை முடிவதற்குள் வண்டியை நிறுத்தினால் அந்த டீசலில் ஒரு பங்கு கீழே ஆயிலோடு கலக்கும். சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டையும் தாண்டி நனைந்திருந்தால் "ஆயிலே குடிக்காத வண்டி" என்று மகிழாதீர்கள். நீர்த்த ஆயில் அது, உடனே மாற்ற வேண்டும். அளவுக்கு மீறி ஏறிவிட்டால், எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருப்பியும் நிற்காமல் ஓடும் ஆபத்துகூட உண்டு. வாரத்தில் ஒருநாள் நாமக்கல் வரை நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போய்வந்தால் வடிகட்டி தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஆஞ்சநேயரையும் பார்த்த மாதிரி ஆகும்.

*

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடித்துச் செம்மேட்டில் நிறுத்தியதும் சாவியைப் பிடுங்காதீர்கள். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது, அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். எஞ்சின் நின்றால் ஆயிலும் நிற்கும். சூட்டில் அங்கேயே கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பழைய பஸ் டிரைவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வார்கள்.

*

சிவப்பில் எரியும் அந்த ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. எரிந்தால் "அடுத்த பங்க் வரைக்கும்" என்ற பேச்சே கிடையாது. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

*

பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றுக்கு யூரியாத் தண்ணீரும் ஊற்ற வேண்டும். அதில் யூரியா 32.5 சதவீதம். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது.

*

காலி ஆயில் டப்பாவுக்குப் பழைய இரும்புக் கடையில் ஏன் மவுசு என்று யோசித்ததுண்டா? போலி ஆயில் நிரப்ப அச்சு அசலான டப்பா வேண்டுமே. ஆயில் சர்வீஸ் முடிந்ததும் டப்பாவில் ஓர் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள்.

*

வடித்தெடுத்த பழைய ஆயில் நம் ஊரில் வீணாவதில்லை. செண்ட்ரிங் ஷீட்டுக்குத் தடவுவார்கள், கரையானுக்கு மரத்தூணில் பூசுவார்கள். ஆனால் 2016 விதிப்படி அது அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். ஒரு கார் சர்வீஸுக்கு நாலைந்து லிட்டர். சாக்கடையில் விட்டால் அது திருமணிமுத்தாற்றுக்குப் போய்ச் சேரும், மண்ணில் விட்டால் பக்கத்துக் கிணற்றுக்கு. அடுத்த முறை பட்டறையில், புது ஆயில் எது என்று கேட்கும் கையோடு பழையது எந்தக் கேனுக்குப் போகிறது என்றும் கேட்டுவிடுங்கள்.